பனஞ்சாறு நொதித்தல்

பனஞ்சாறு நொதித்தல் என்பது பனை மரத்தின் பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு, நுண்ணுயிர்களின் செயலால் முதலில் கள்ளாகவும் பின்னர் காடியாகவும் மாறும் நிகழ்வு ஆகும். நொதிக்காத சாறு பதநீர் என்றும், நொதித்த சாறு கள் என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே மரத்தில், ஒரே பாளையில், ஒரே வகைக் கலயத்தில் இறங்குபவை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் கிடைப்பது பதநீர். பூசப்படாவிட்டால் சில மணி நேரத்தில் கிடைப்பது கள்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரை உள்ளிட்ட பல பகுதிகளில் பனை மிகுதியாகக் காணப்படுகிறது. கள், சாராயம், கள்ளச்சாராயம் ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இவை உருவாகும் முறையும் இவற்றால் விளையும் தீங்கும் வெவ்வேறானவை. அவ்வேறுபாட்டை அறிய, பனஞ்சாறு எவ்வாறு நொதிக்கிறது என்பதை அறிவது உதவும்.

பெயர்கள்

நொதிக்காத பனஞ்சாற்றுக்குத் தமிழில் வட்டாரந்தோறும் பெயர்கள் உள்ளன. பதநீர், பதனீர் என்பவை பொது வழக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் அக்கானி என்றும், கொங்குப் பகுதியில் தெளுவு என்றும், யாழ்ப்பாணத்தில் கருப்பணி அல்லது கருப்பநீர் என்றும் வழங்குவர். இந்தியாவின் பிற பகுதிகளிலும் அரசு ஆவணங்களிலும் நீரா என்ற சொல் பயன்படுகிறது.

கள் என்பது நொதித்த சாறு மட்டுமே. அது காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. நொதித்த நீர்மத்தைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து எடுப்பது சாராயம். கள்ளச்சாராயம் என்னும் சொல்லில் உள்ள 'கள்ள' என்பது கள்ளம், அதாவது திருட்டுத்தனம், என்ற பொருளில் வருவதாகும். கள்ளிலிருந்து செய்யப்பட்ட சாராயம் என்பது அதன் பொருள் அன்று.

மரக்காணம் கடற்கரை

மரக்காணம், சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ள ஊர். கழுவேலி என்னும் உவர்நீர் ஏரியும், அதனையொட்டிய உப்பளங்களும் இப்பகுதியின் அடையாளங்கள். கழுவேலி 2021 ஆம் ஆண்டில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மணற்பாங்கான, ஓரளவு உவர்ப்பேறிய நிலத்தையும் நீண்ட கோடையையும் தாங்கி வளரக் கூடியது பனை. உப்பு விளையும் வறண்ட மாதங்களின் முற்பகுதியே பதநீர் இறங்கும் பருவமும் ஆகும்.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடுகிறது. இதன் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இந்நூலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அவ்வூர் இன்றைய மரக்காணத்தை ஒட்டி இருந்தது என அறிஞர் பலர் கருதுவர். அங்கே செல்லும் பாணர்களுக்கு, நுளையர் குலப் பெண்கள் வடித்த நாட்பட்ட தேறலும், சுட்ட உலர்மீனும் விருந்தாகக் கிடைக்கும் என்று புலவர் கூறுகிறார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகளே அங்கு விறகாக எரிந்தன. தேறல் என்பது தெளிய வடிக்கப்பட்ட மது. அது எந்தப் பொருளிலிருந்து செய்யப்பட்டது என்பதை நூல் விரித்துரைக்கவில்லை. எனினும், இக்கடற்கரையில் வீட்டில் மது வடித்தெடுக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

சாறு இறக்குதல்

பனை ஆண், பெண் எனத் தனித்தனி மரங்களாக வளர்வது. ஆண் மரம் அலகுப்பனை என்றும் பெண் மரம் பருவப்பனை என்றும் அழைக்கப்படும். மரம் பாளை விடும் வரை அது ஆணா பெண்ணா எனக் கூற இயலாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். இருவகை மரங்களிலிருந்தும் சாறு எடுக்கலாம்.

பனையேறுபவர் தளைநாரைக் காலில் மாட்டி மரத்தில் ஏறுகிறார். இளம் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு எனப்படும் மர இடுக்கியால் சில நாட்கள் இதமாக நசுக்குவார். இதனால் பாளையின் திசுக்கள் தளர்ந்து சாறு நுனியை நோக்கி வரத் தொடங்கும். பின்னர் பாளை அரிவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழ் கலயத்தைக் கட்டுவார். வெட்டுவாய் விரைவில் உலர்ந்து அடைபட்டுவிடும் என்பதால், காலையும் மாலையும் (சில இடங்களில் நண்பகலிலும்) மீண்டும் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சாறு வரத்துக் குறையும். தை மாதம் தொடங்கி ஆனி வரை இப்பணி நடைபெறும்.

ஒரே மரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற வேண்டியிருப்பதாலும், ஒருவர் பல மரங்களைப் பேணுவதாலும், இது மிகக் கடினமான தொழில். தவறி விழுந்து இறப்பதும் உடல் உறுப்புகளை இழப்பதும் இத்தொழிலில் நேர்வதுண்டு.

சாற்றின் இயல்பு

பாளையிலிருந்து சொட்டும் புதிய சாறு நிறமற்றது. ஏறத்தாழ நடுநிலையான கார அமிலத்தன்மை உடையது (pH மதிப்பு 7 அளவில்). இதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை இருக்கும். அச்சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோசு, அதாவது கரும்பில் உள்ள அதே சர்க்கரை. சிறிதளவு புரதம், தாது உப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியவையும் உள்ளன.

பியர் காய்ச்சுவோருக்கு இச்சாறு வியப்பளிக்கக் கூடியது. பார்லியில் இருப்பது மாவுப்பொருள். அதை முளைக்கவிட்டு, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்த பின்னரே ஈஸ்ட் உண்ணக் கூடிய சர்க்கரை கிடைக்கும். பனஞ்சாற்றில் சர்க்கரை முன்னரே கரைந்த நிலையில் உள்ளது. நீர், சர்க்கரை, சத்துகள், வெப்பம் ஆகிய அனைத்தும் கலயத்திலேயே அமைந்துவிடுவதால், நொதித்தலைத் தொடங்க மனிதர் ஏதும் செய்ய வேண்டியதில்லை. அதைத் தடுப்பதற்கே முயற்சி தேவைப்படுகிறது.

நொதித்தலின் படிகள்

கலயத்தின் மண் துளைகள், பாளையின் வெட்டுவாய், பூச்சிகளின் உடல், காற்று ஆகியவற்றிலிருந்து நுண்ணுயிர்கள் சாற்றில் சேர்கின்றன. முந்தைய நாள் கள்ளின் எச்சம் ஒட்டியிருக்கும் பழைய கலயத்தில் இவை மேலும் மிகுதி. எனவே சாறு சொட்டும்போதே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. பொதுவாக இது மூன்று படிகளில் நிகழும். இப்படிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே நடக்கும்.

1. இலாக்டிக் நொதித்தல்: லூக்கோனொஸ்டாக், லாக்டோபேசிலசு போன்ற பாக்டீரியங்கள் சர்க்கரையை இலாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சாற்றின் புளிப்பு கூடுகிறது. லூக்கோனொஸ்டாக் உருவாக்கும் பசை போன்ற டெக்ஸ்ட்ரான் என்னும் பொருளால் சாறு சிறிது குழகுழப்பாகவும் வெண்மையாகவும் ஆகிறது.

2. ஆல்ககால் நொதித்தல்: ஈஸ்ட் (நுரைமம்), குறிப்பாக சாக்கரோமைசீசு செரிவிசியே, சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றுகிறது. ரொட்டி, பியர், திராட்சை மது ஆகியவற்றில் செயல்படுவதும் இதே இனம். சைமோமோனாசு மொபிலிசு என்ற பாக்டீரியமும் இதே வேலையைச் செய்கிறது. இது மெக்சிக்கோவின் புல்கே என்ற கற்றாழை இன மதுவிலும் காணப்படும் உயிர். கள் பொங்கி நுரைப்பது கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறுவதால்தான்.

3. அசிட்டிக் நொதித்தல்: காற்றின் ஆக்சிசன் கிடைக்கும்போது அசிட்டோபாக்டர் இனப் பாக்டீரியங்கள் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. கள் கடுத்துக் காடியாகிறது.

கோடை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே நொதித்தல் புலப்படும். மாலையில் கட்டிய கலயத்தைக் காலையில் இறக்கும்போது இனிப்பும் இலேசான புளிப்பும் கொண்ட கள் கிடைக்கும். ஒரு நாள் கடந்தால் இனிப்பு மறைந்து கடுப்பு மிகும். இரண்டு மூன்று நாட்களில் காடியின் மணம் மேலோங்கும். இக்கால அளவுகள் வெப்பநிலையையும் கலயத்தின் தூய்மையையும் பொறுத்து மாறும்.

கிடைக்கக் கூடிய ஆல்ககாலின் உச்ச அளவை எளிதில் கணக்கிடலாம். ஒரு மூலக்கூறு சுக்ரோசு, ஒரு மூலக்கூறு நீருடன் சேர்ந்து, நான்கு மூலக்கூறு எத்தனாலையும் நான்கு மூலக்கூறு கார்பன்-டை-ஆக்சைடையும் தருகிறது. எடைக் கணக்கில் 342 கிராம் சுக்ரோசிலிருந்து 184 கிராம் எத்தனால் உண்டாகும். ஒரு லிட்டர் சாற்றில் 120 கிராம் சுக்ரோசு இருப்பதாகக் கொண்டால், அதிலிருந்து ஏறத்தாழ 65 கிராம், அதாவது 82 மில்லி லிட்டர் எத்தனால் கிடைக்கலாம். இது கன அளவில் நூற்றுக்கு 8 பங்கு. நடைமுறையில் ஒரு பகுதிச் சர்க்கரை அமிலமாகிவிடுவதாலும், முழுவதும் நொதிக்கும் முன்பே அருந்தப்படுவதாலும், கள்ளில் பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு அளவே எத்தனால் இருக்கும். இது பெரும்பாலான பியர் வகைகளுக்கு இணையான அளவு.

சுண்ணாம்பின் பணி

பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பைக் குழம்பாக்கிப் பூசுவர். கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இதற்கு மரபாகப் பயன்பட்டது. வேதியியலில் இது கால்சியம் ஐதராக்சைடு ஆகும். இதன் தெவிட்டிய கரைசலின் pH மதிப்பு ஏறத்தாழ 12.4. சுக்ரோசுடன் சேரும்போது கால்சியம் சாக்கரேட்டு உருவாவதால், வெறும் நீரில் கரைவதைவிட அதிகமான சுண்ணாம்பு இனிப்புச் சாற்றில் கரையும்.

ஈஸ்டும் இலாக்டிக் பாக்டீரியமும் நடுநிலையான அல்லது அமிலத்தன்மையுள்ள சூழலிலேயே நன்கு வளர்பவை. காரத்தன்மை மிகுந்த சாற்றில் அவற்றின் நொதிகள் செயலிழக்கின்றன, வளர்ச்சி நின்றுபோகிறது. சுண்ணாம்பு மற்றொரு வேலையும் செய்கிறது. அமிலச் சூழலில் சுக்ரோசு உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகும். காரச் சூழலில் இச்சிதைவு நிகழ்வதில்லை. எனவே பதநீரில் சுக்ரோசு முழுமையாகக் காக்கப்படுகிறது.

சுண்ணாம்பின் அளவு முக்கியமானது. குறைந்தால் சாறு புளித்துவிடும். கூடினால் நாவில் எரிச்சலும் சுண்ணாம்புச் சுவையும் உண்டாகும். இறக்கிய பதநீரை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, துணியால் வடிகட்டி அருந்துவர். தென் மாவட்டங்களில் பதநீரில் மாங்காய்ச் சீவல் இட்டு அருந்தும் வழக்கம் உண்டு. மாங்காயின் புளிப்பு எஞ்சிய காரத்தைச் சற்றுத் தணிக்கிறது. கருப்பட்டி காய்ச்சும் இடங்களில் மிகுதிச் சுண்ணாம்பை நீக்கச் சூப்பர் பாஸ்பேட்டு சேர்ப்பர். பாஸ்பேட்டுடன் கால்சியம் சேர்ந்து கரையாத வீழ்படிவாக அடியில் தங்கும்.

கருப்பட்டி என்னும் சோதனை

சாறு நொதித்ததா இல்லையா என்பதைக் கருப்பட்டி காய்ச்சுவோர் அடுப்பிலேயே கண்டறிவர். சுக்ரோசு முழுமையாக இருந்தால், பாகு பதம் வந்ததும் அச்சில் ஊற்ற இறுகிக் கட்டியாகும். சாறு புளித்திருந்தால் சுக்ரோசின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைந்திருக்கும். இவை படிகமாவதைத் தடுப்பதால் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஏறத்தாழ எட்டு லிட்டர் நல்ல பதநீரிலிருந்து ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். எனவே ஒரு கலயத்தில் சுண்ணாம்பு தவறினாலும், அதைக் கலந்து காய்ச்சிய ஒரு முழு அடுப்புப் பாகும், அதற்கு எரித்த விறகும் வீணாகக் கூடும்.

பியரின் ஹாப்ஸுடன் ஒப்பீடு

நொதிக்கும் நீர்மத்தில் ஏதேனும் ஒரு பொருளைச் சேர்த்துக் கெடாமல் காப்பது உலகின் பல மரபுகளில் உள்ளது. மிகவும் அறியப்பட்டது பியரில் சேர்க்கப்படும் ஹாப்ஸ். இது கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. 1516 ஆம் ஆண்டு பவேரியாவில் வெளியான ஆணை, பியரில் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே சேர்க்க வேண்டும் என விதித்தது. ஈஸ்டின் இயல்பு அக்காலத்தில் அறியப்படவில்லை.

ஹாப்ஸ் பூவின் மஞ்சள் சுரப்பிகளில் ஆல்பா அமிலங்கள் உள்ளன. கொதிக்க வைக்கும்போது இவை உருமாறிப் பியருக்குக் கசப்பைத் தருகின்றன. புளிப்பேற்றும் இலாக்டிக் பாக்டீரியங்களின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. ஆனால் ஈஸ்டை இவை பாதிப்பதில்லை. அசிட்டோபாக்டர் போன்ற உயிர்களையும் இவை பெரிதும் தடுப்பதில்லை. அதனால்தான் பியரில் காற்றுப் புகாமல் மூடிவைக்க வேண்டியுள்ளது.

சொந்தத் தோட்டத்தில் ஹாப்ஸ் வளர்ப்போர், பறித்த பூவை உலர்த்தாமல் அன்றே காய்ச்சலில் இடுவதுண்டு. பறித்த பூவில் நூற்றுக்கு 80 பங்கு வரை நீர் இருக்கும். உலர்ந்த பூவில் ஏறத்தாழ 10 பங்கு. எனவே ஒரு கிலோ உலர் ஹாப்ஸுக்கு ஈடாக நான்கரை கிலோ பச்சைப் பூ தேவைப்படும். ஈரப்பூ ஒரு நாளிலேயே வெதும்பிக் கெடத் தொடங்கும் என்பதால், பறிப்பதும் காய்ச்சுவதும் அருகருகே நடக்க வேண்டும். பனஞ்சாற்றின் நிலையும் இதுவே. மரத்திற்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள தொலைவே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஹாப்ஸ் குளிர்காலமும், கோடையில் மிக நீண்ட பகலும் உள்ள, நிலநடுக்கோட்டிலிருந்து 35 முதல் 55 பாகை வரையிலான அகலாங்குகளில் செழிக்கும் பயிர். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் பயிரிடப்படுகிறது. ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ள மரக்காணத்தில் ஆண்டின் நீண்ட பகல் கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. இக்கடற்கரைக்கு உரிய காப்புப் பொருள் கொடியிலிருந்து வருவதன்று; கிளிஞ்சலிலிருந்து வருவது.

சுண்ணாம்புக்கும் ஹாப்ஸுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஹாப்ஸ், ஈஸ்டை விட்டுவிட்டுப் புளிப்பேற்றும் பாக்டீரியங்களை மட்டும் தடுக்கிறது. எனவே ஆல்ககால் உண்டாகிறது, புளிப்பு குறைகிறது. சுண்ணாம்பு இரண்டையும் தடுக்கிறது. எனவே ஆல்ககாலே உண்டாவதில்லை.

மரப்பட்டைகள்

சுண்ணாம்புக்கும் ஹாப்ஸுக்கும் இடைப்பட்டவை மரப்பட்டைகள். கேரளத்திலும் இலங்கையிலும் வட்டேரியா இனத்தைச் சேர்ந்த மரங்களின் பட்டைத் துண்டுகளைக் கலயத்தில் இட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். இலங்கையில் இம்மரத்தைச் சிங்களத்தில் ஹல் என்பர். பிலிப்பீன்சில் தென்னங்கள்ளில் ஒருவகை அலையாத்தி மரப்பட்டையைச் சேர்ப்பதால், அது செந்நிறமாகவும் துவர்ப்பாகவும் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் பனைமதுவில் மரப்பட்டை சேர்க்கும் வழக்கம் உண்டு. பட்டைகளில் உள்ள துவர்ப்பொருள்கள் (டானின்கள்) நுண்ணுயிர்களின் புரதங்களுடன் பிணைந்து அவற்றின் செயலை மட்டுப்படுத்துகின்றன. ஆயினும் நொதித்தலை முற்றிலும் நிறுத்துவதில்லை.

வேதிப்பொருள் ஏதுமின்றிக் குளிர்ச்சியால் மட்டும் சாற்றைக் காக்கும் முறையும் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், தென்னம்பாளைச் சாற்றைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் சேகரிக்கும் முறையை உருவாக்கி, அவ்வாறு கிடைக்கும் சாற்றுக்குக் கல்பரசா எனப் பெயரிட்டது.

பிற பயன்கள்

கள்ளில் உள்ள உயிருள்ள ஈஸ்ட், மாவைப் பொங்கச் செய்யும். கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவுக்குக் கள் சேர்ப்பது மரபு. மிகப் புளித்த கள், சமையலுக்கான காடியாகப் பயன்படும். இலங்கையில் 1978 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார்ந்த தொழில்களை மேம்படுத்தி வருகிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கள், வெப்பமூட்டி நுண்ணுயிர் நீக்கப்பட்டுப் புட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது.

சட்ட நிலை

சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரியார் தலைமையிலான அமைச்சரவை 1937 இல் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றியது. முதலில் சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1974 இல் மூடப்பட்டன. 1981 இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1987 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி மறுபடியும் தடை செய்யப்பட்டன. அதன் பின் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றமாகவே உள்ளன. காய்ச்சி வடித்த மது வகைகளின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமான தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் நடத்துகிறது.

மரக்காணத்தை அடுத்துள்ள புதுச்சேரியிலும், கேரளத்திலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள்ளன. தமிழ்நாட்டில் தடையை நீக்க வேண்டும் என உழவர் அமைப்புகளும் பனைத்தொழிலாளர் அமைப்புகளும் நெடுங்காலமாகக் கோரி வருகின்றன. கள்ளில் கலப்படம் செய்வது எளிது, கண்டறிவது கடினம் என்பது தடைக்கு ஆதரவாகக் கூறப்படும் முதன்மையான வாதம். ஆந்திர, தெலுங்கானா பகுதிகளில் குளோரல் ஐதரேட்டு, மயக்க மாத்திரைகள் போன்றவை கள்ளில் கலக்கப்பட்டது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

நடைமுறையில் சட்டத்தின் எல்லைக்கோடு கலயத்தின் உட்சுவரில் உள்ள சுண்ணாம்புப் பூச்சாகும். பூசிய கலயத்தை இறக்குபவர் பதநீர்த் தொழிலாளி. பூசாத கலயத்தை இறக்குபவர் குற்றம் சாட்டப்படக் கூடியவர்.

மெத்தனால் நச்சு

2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியர்குப்பம் என்ற மீனவர் ஊரில் கள்ளச்சாராயம் அருந்தியவர்கள் இறந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இறப்புகள் நிகழ்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அருந்தப்பட்டது காய்ச்சிய சாராயமே அன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் இதே நச்சால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து அதே ஆண்டில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

மெத்தனாலும் எத்தனாலும் ஆல்ககால் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறம், மணம், சுவை ஆகியவற்றால் அருந்துபவர் இவற்றைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் இவை செல்லும் வழியே வேறு. கல்லீரலில் உள்ள நொதி எத்தனாலை அசிட்டால்டிகைடாகவும் பின் அசிட்டிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அதே நொதி மெத்தனாலைப் பார்மால்டிகைடாகவும் பின் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பை முதலில் தாக்குகிறது. தூய மெத்தனால் 10 மில்லி லிட்டர் அளவிலேயே பார்வையைப் பறிக்கக் கூடும். 30 மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கக் கூடும்.

இம்மாற்றம் மெதுவாக நிகழ்வதால், அருந்திய பின் 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி ஏதும் தோன்றாமல் இருக்கலாம். பின்னர் பார்வை மங்கல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், உடன் அருந்திய அனைவரும் உடனே மருத்துவமனைக்குச் செல்வது உயிரைக் காக்கும். மருத்துவர்கள் போமெபிசோல் என்ற மருந்தையோ, கட்டுப்படுத்தப்பட்ட அளவில் எத்தனாலையோ கொடுத்து அந்நொதி மெத்தனாலை மாற்றாதவாறு தடுப்பர். இரத்தச் சுத்திகரிப்பால் நச்சை வெளியேற்றுவர்.

நொதித்தலின்போது மெத்தனால் முக்கியமாகப் பழங்களின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து உண்டாகும். பனஞ்சாற்றில் பெக்டின் மிகக் குறைவு. எனவே கலப்படமற்ற கள்ளில் மெத்தனால் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும். மேற்கண்ட இறப்புகளுக்குக் காரணமான மெத்தனால் நொதித்தலால் விளைந்ததன்று; தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது குடிப்பதற்காக விற்கப்பட்டதால் நேர்ந்தது. இவ்வேறுபாடு கள்ளைத் தீங்கற்றதாக ஆக்குவதில்லை. எத்தனாலும் அடிமைத்தன்மையை ஏற்படுத்துவது, கல்லீரலைக் கெடுப்பது. ஆனால் இருவேறு தீங்குகளை ஒன்றெனக் கொள்வது, மெத்தனால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மறைத்துவிடும்.

தூய்மை

திறந்த கலயத்தில் எறும்பு, ஈ, வண்டு ஆகியவை விழுவதுண்டு; வௌவால்களும் சாற்றை நாடி வரும். வங்காளதேசத்தில் வௌவால்களால் மாசடைந்த ஈச்சஞ்சாற்றைப் பச்சையாக அருந்தியோர்க்கு நிப்பா தீநுண்மத் தொற்று ஏற்பட்டது அறியப்பட்டுள்ளது. பாளையையும் கலயத்தின் வாயையும் வலை அல்லது ஓலையால் மூடுவது, கலயத்தை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைப்பது, சாற்றை வடிகட்டுவது ஆகியவை எளிய பாதுகாப்பு முறைகள். கருப்பட்டி காய்ச்சும்போது சாறு நெடுநேரம் கொதிப்பதால் நுண்ணுயிர்கள் அழிகின்றன.

இன்றைய நிலை

பனை 1978 இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. செங்கல் சூளைகளின் விறகுக்காகவும் வீட்டுமனைகளுக்காகவும் ஏராளமான மரங்கள் வெட்டப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க விதி உள்ளது. மரமேறுபவர்களோ குறைந்து வருகின்றனர். பாளையைப் பக்குவமாக நசுக்குவதும், வெட்டுவாயின் சாய்வும், கலயத்துக்கு வேண்டிய சுண்ணாம்பின் அளவும் ஒருவர் மற்றொருவருடன் மரமேறிக் கற்பவை. பாளை விடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து ஒரு மரத்தை வளர்த்துவிடலாம். ஆனால் அதில் ஏறத் தெரிந்தவர் இல்லையெனில், அம்மரத்திலிருந்து பதநீரும் கிடைக்காது, கள்ளும் கிடைக்காது.